தேயிலைத் துளைவண்டும் அதன் இரவற் பெயரும்

ஊவா மாகாணத்திலே, பதுளை, பசறை, எல்ல ஆகிய ஊர்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் நமுனுகுல மலை 2036 மீற்றர் உயரமுடையது. ஒன்பது சிகரங்கள் என்பது அதன் சிங்களப் பெயரின் பொருள். அம்மலையின் உச்சியில் காடும், அதன் கீழே அடுக்கடுக்காகத் தேயிலையும், அதற்கும் கீழே பள்ளத்தாக்குகளில் வயலும் காணப்படும். ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது அங்கு பறிக்கப்படும் கொழுந்துக்குத் தனி மணம் உண்டென்று உலகச் சந்தையில் ஒரு பெயர் இருக்கிறது. அதே காற்றிலேதான் மற்றொன்றையும் காணலாம். செழித்து நின்ற தேயிலைச் செடியின் வாது ஒன்று, கொழுந்து பறிப்பவரின் கை பட்டதும், சில வேளை கை படாமலுங்கூட, மளுக்கென்று ஒடிந்து விழும். ஒடிந்த முனையைத் திருப்பிப் பார்த்தால், தச்சன் துளைகருவி கொண்டு துளைத்தது போல் வட்டமான ஒரு சிறு வழி, தண்டைச் சுற்றி வளைந்து ஓடியிருக்கும். வெளிப் பட்டையிலே ஈயக்குண்டு பாய்ந்தது போன்ற ஒரு துவாரம் தெரியும். அதனாலேதான் ஆங்கிலேயத் துரைமார் இதனைச் செய்யும் பூச்சிக்கு 'ஷொட் ஹோல் போரர்' என்று பெயரிட்டனர். தமிழில் துளைவண்டு எனலாம்.

இவ்வண்டின் பெண் இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றே மேற்பட்ட நீளமுடையது, கறுப்பு நிறம், முதுகு வளைந்தது. ஆண் அதனினும் சிறியது, பறக்க இயலாதது, பிறந்த துளையைவிட்டுப் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. ஒரு துளையிலே பிறக்கும் உடன்பிறப்புகளுக்குள்ளேயே இணைவு நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே, வெளியே பறந்து வரும் பெண் ஒன்றே ஒன்றானாலும் ஒரு புதிய குடியேற்றத்தைத் தோற்றுவித்துவிடும். தோட்டத்திலே துப்புரவாக அழித்துவிட்டோமென்று எண்ணிய பின்னும் இது மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இச்சிறு உயிரை அடையாளம் கண்டு, வகைப்படுத்தி, பெயரிட்ட வரலாறு நூற்றைம்பது ஆண்டுகள் நீண்டது. அதிலே ஒரு விசித்திரம் உண்டு. ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் தேயிலைத் துளைவண்டு சுமந்து வந்த விஞ்ஞானப் பெயர் அதனுடையதே அன்று.

வரலாறு தொடங்குவது 1868ஆம் ஆண்டில். வில்ஹெல்ம் ஐக்ஹோப் என்னும் ஜேர்மானியர் தொழிலால் வனத்துறை அலுவலர்; விருப்பத்தால் மரப்பட்டை வண்டுகளை ஆராய்பவர். அவர் இலங்கையிலிருந்து சென்ற ஒரு சிறு வண்டினை விவரித்து, சைலெபோரஸ் போர்னிகேட்டஸ் என்று பெயரிட்டு, பேர்லின் நகரப் பூச்சியியல் இதழிலே வெளியிட்டார். போர்னிகேட்டஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு வில்வளைவு போல் வளைந்தது என்பது பொருள். வண்டின் முதுகைக் கண்டு இட்ட பெயர் அது. விவரணம் சில வரிகளே. இடம் 'சிலோன்' என்னும் ஒரே சொல். எந்த மலை, எந்த மரம் என்பதெல்லாம் அக்காலத்து வழக்கப்படி வேண்டப்படவில்லை. கடல் கடந்து வரும் பெட்டியிலே ஓர் ஊசியில் குத்திய உயிரின் உடலே வேண்டப்பட்டது.

அந்த 1868ஆம் ஆண்டில் இலங்கையிலே தேயிலை என்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை நட்டது அதற்கு முந்திய ஆண்டு. மலைநாடு முழுவதும் கோப்பியாக இருந்தது, ஊவாவும் அவ்வாறே. தமிழகத்திலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்த தொழிலாளர் காடழித்து நட்டதும், காய் பறித்ததும் கோப்பிக்காகவே. ஐக்ஹோப்பின் கட்டுரை வெளிவந்த மறு ஆண்டு, 1869இல், நமுனுகுலவிலிருந்து தொலைவில் இல்லாத மடுல்சீமையிலே கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒரு பங்கசு நோய். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்து, இங்கிலாந்தின் பேர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பாழாக்குவது என்னும் பொருளை உள்ளடக்கிய பெயர் அது. பெயரிட்டவர் வாக்குப் பலித்தது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஒழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஓர் உயிரைப் பெயரிட்டுவிடுவதனால் மட்டும் அதனை வெல்ல முடியாது என்பதற்குக் கோப்பி நோயே சான்று. ஆயினும், இன்னதென்று தெரியாத பகையை எதிர்ப்பது எங்ஙனம்?

தேயிலை மலையெங்கும் பரவிய பின்னர், 1892ஆம் ஆண்டளவிலே, அதன் தண்டுகளில் துளைகள் கண்டுபிடிக்கப்பட்டன. துளைக்குள் இருந்த வண்டு ஐக்ஹோப் முன்னர் விவரித்த போர்னிகேட்டஸ் என்றே முடிவு செய்யப்பட்டது. அம்முடிவு அன்று நியாயமானதே. இலங்கையிலிருந்து வந்த வண்டு. அளவு அதே அளவு. முதுகு அதே வளைவு. அதனை ஐயுறுவதற்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இலங்கை அரசாங்கத்தின் முதற் பூச்சியியலறிஞராக 1899இல் அமர்ந்த எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிரீன் இத்துளைவண்டைப்பற்றி 1903இல் ஒரு விரிவான அறிக்கை எழுதினார். கிரீன் கொழும்பிலே பிறந்தவர்; புண்டலுஓயாவில் தோட்டத் துரையாக இருந்தவர்; செதிற்பூச்சிகளைப்பற்றி அவர் எழுதிய பெருநூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அவருக்குப் பின் ஸ்பேயர் என்பவர் 1917இல் இவ்வண்டினால் செடிக்கு நேரும் கேட்டினை ஆராய்ந்து எழுதினார். இருவர் எழுத்துகளிலும் பூச்சியின் பெயர் ஒன்றே. அதன்பின் 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, தலவாக்கலையிலே நிலைபெற்றது. ஊவாவுக்கெனப் பசறையிலும் அதன் கிளை நிலையம் ஒன்று அமைந்தது.

இங்கே சற்று நின்று, வண்டு செய்வது யாது என்பதை நோக்குதல் தகும். ஏனெனில் அது மரத்தைத் தின்பதில்லை. இது பலருக்கு வியப்பாயிருக்கும். பெண் வண்டு தன் வாயினுள்ளே அமைந்த சிறு பைகளில் ஒரு பங்கசின் வித்துகளைச் சுமந்து செல்கிறது. துளை குடைந்து முடிந்ததும் அவ்வித்துகளை அதன் சுவரிலே விதைக்கிறது. சுவரெங்கும் மெல்லிய வெண்படலமாக வளரும் அப்பயிரையே தாயும் குஞ்சுகளும் உண்டு வாழ்கின்றன. உழவு, விதைப்பு, அறுவடை எல்லாம் ஒரு விரற்கனத் தண்டுக்குள்ளே நடைபெறுகின்றன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை வண்டாகிவிடும். தோட்டத்துக்கு நேரும் நட்டமோ, குடைந்த இடத்தில் வாது ஒடிவதும், ஒடியாத வாது வலுவிழப்பதும், திறந்த காயத்தின் வழியே உளுப்பு நோய்கள் உட்புகுவதுமாகும். கவ்வாத்து வெட்டிய பின் இரண்டாம் ஆண்டளவிலே, புது வாதுகள் வண்டுக்கு ஏற்ற கனத்தை அடையும் பொழுது, தாக்குதல் மிகும். குளிர் மிகுந்த உயர்ந்த மலைகளில் இது பெருகுவதில்லை. நடுத்தர உயரத்திலும் ஊவாவின் சரிவுகளிலும் பெருகும். நமுனுகுல மலையைப் பொறுத்தமட்டில், மேலே ஏற ஏறத் துளைகள் குறைவதும், பசறைப் பக்கம் இறங்க இறங்க மிகுவதும் இதனாலேயே.

அப்பங்கசு இன்னதென்று அடையாளம் கண்டவர்கள் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட் என்பவரும் லூஸ் என்பவருமாவர். 1947இல் அவர்கள் அதற்கு மொனக்ரொஸ்போரியம் அம்புரோசியம் என்று பெயரிட்டனர். நுணுக்குக்காட்டியின் கீழ் வித்துகளின் வடிவத்தை நோக்கி அவர்கள் இட்ட முதற் பெயர் பிழையான பேரினத்துக்குரியதாயிற்று. 1990இல் இந்தியரான அக்னிஹோத்ருடுவும் ஜேர்மானியரான நைரென்பேர்க்கும் அதனைப் பியூசேரியம் என்னும் பேரினத்துக்கு மாற்றினர். அதனால் காட், லூஸ் ஆகியோரின் புகழ் குறைந்துவிடவில்லை. தேயிலைக்குள் குடைவது வண்டு, அதனை வாழ வைப்பது பங்கசு என்னும் உண்மையைச் செயல்முறையால் நிலைநாட்டிய அவ்வேலையின் பெருமை போதிய அளவு பேசப்படவில்லை என்றே கூறவேண்டும்.

வண்டின் பெயரிலே எவருக்கும் ஐயமில்லாதிருந்த அக்காலத்தில், அதனை ஒழிக்கும் முயற்சி வேறொரு பாடத்தைப் புகட்டிற்று. 1950களின் பிற்பகுதியில் டீல்ட்ரின் என்னும் கடுநஞ்சு தேயிலைக்குத் தெளிக்கப்பட்டது. துளைவண்டு குறைந்தது உண்மை. ஆனால் இலைகளைச் சுருட்டித் தின்னும் டோட்ரிக்ஸ் என்னும் புழு திடீரெனப் பெருகிற்று. அப்புழுவை அடக்கி வைத்திருந்தது மக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவி. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து வரவழைக்கப்பட்டு மலைநாட்டிலே விடப்பட்ட அக்குளவியை டீல்ட்ரின் கொன்றுவிட்டது. தண்டுக்குள் ஒளிந்திருந்த பகையைத் தேடிச் சென்று, இலைமேல் உலவிய நண்பனை வெட்டிய கதை இது. முதுகிலே நஞ்சுப் பொறியைச் சுமந்து நிரை நிரையாக நடந்த தொழிலாளர் மூச்சில் அதன் எவ்வளவு சென்றது என்பதை அந்நாளில் கணக்கெடுத்தோர் குறைவு.

இனி, பெயரின் கதைக்குத் திரும்பலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வகை வண்டுகள் தென்கிழக்காசியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஐரோப்பிய அறிஞர் கைகளை அடைந்தன. ஹான்ஸ் எகர்ஸ் என்பவர் 1923இல் ஒன்றுக்குப் போர்னிகேட்டியர் என்று பெயரிட்டார். மற்றதைவிட இன்னும் வளைந்தது என்பது கருத்து. ஆஸ்திரியரான காள் ஷெடல் 1942இல் விட்போர்டியோடென்ட்ரஸ் என்று ஒன்றுக்கும், 1951இல் பெர்பிரேவிஸ், அதாவது மிகக் குறுகியது, என்று மற்றொன்றுக்கும் பெயரிட்டார். பிற்காலத்தவர் இவற்றை ஒப்பிட்டு, வேறுபாடு காண இயலாமையால், இப்பெயர்களை எல்லாம் போர்னிகேட்டஸ் என்னும் ஒரே பெயருக்குள் அடக்கினர். 1992இல் வுட், பிரைட் என்னும் இருவர் வெளியிட்ட உலகப் பட்டியலும் இதனை ஏற்றது. பேரினப் பெயரும் யூவாலேசியா என்று மாறிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவற்றை ஒன்றென்று கொண்டது குற்றமன்று. ஆனால் அதனால் ஒரு பெருங்கேடு விளைந்தது. அது விளைந்த இடம் இலங்கையன்று. பசிபிக் கடலின் அக்கரை.

2003ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலே இத்தகைய வண்டு ஒன்று பிடிபட்டது. பட்டியலைப் பார்த்தவர்கள் அதனைத் தேயிலைத் துளைவண்டு என்று குறித்துக்கொண்டனர். அங்கே தேயிலைத் தோட்டங்கள் இல்லை. ஆகவே பெரிதும் அஞ்சுவாரில்லை. 2009இல் இஸ்ரவேல் நாட்டின் ஆனைக்கொய்யாத் தோட்டங்களிலும் அது காணப்பட்டது. 2012இல் கலிபோர்னியாவில் ஆனைக்கொய்யா மரங்களின் கிளைகள் பட்டுப்போகவே, நோயியலறிஞர் எஸ்கலென் அதன் காரணத்தைத் தேடி, வண்டும் அது சுமந்த ஒரு பியூசேரியமும் எனக் கண்டார். அதற்குள் தெருவோர மரங்களும் ஆற்றங்கரை மரங்களும் நூற்றுக்கணக்கில் துளைக்கப்பட்டிருந்தன. மரபணுவை ஒப்பிட்டபோது, அவ்வண்டு தேயிலை வண்டன்று, அதனினும் வேறானது என்பது தெளிவாயிற்று. தோற்றம் ஒன்றாகவும் குருதி வேறாகவும் இருந்த அதற்குப் பலமரத் துளைவண்டு என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வழங்கலாயிற்று. சான்டியாகோப் பகுதியில் மூன்றாவதொரு இனமும் வெளிப்பட்டது. பின்னர் தென்னாபிரிக்காவிலே 2017இல் பீட்டர்மரிட்ஸ்பேர்க் தாவரப் பூங்காவில் பலமரத் துளைவண்டு அடையாளம் காணப்பட்டது. முதலிலேயே இனம் சரியாகப் பிரித்தறியப்பட்டிருந்தால் என்று இன்று கூறுவது எளிது. எனினும், தவறான பெயர் ஒன்பது ஆண்டுக் காலம் காவலரை உறங்க வைத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இப்பொழுது ஒரு வழக்கு எழுந்தது. ஒரே பெயரின் கீழ் வாழ்ந்த இனங்கள் பல என்று தெரிந்தபின், போர்னிகேட்டஸ் என்னும் மூத்த பெயருக்கு உரிமையாளர் யார்? காணி வழக்கு நடந்த வீடுகளில் உள்ளோர்க்கு இதனை விளக்குவது எளிது. காணி யாருடையது என்பதை அயலவர் பேச்சு தீர்ப்பதில்லை. மூல உறுதி தீர்க்கும். உயிரினப் பெயருக்கும் அத்தகைய உறுதி உண்டு. பெயரிட்டவர் எந்த உடலை வைத்துக்கொண்டு விவரித்தாரோ அந்த உடலே மூலமாதிரி எனப்படும். பெயர் அதனுடன் கட்டுண்டது. எத்தனை நூல்கள் எத்தனை ஆண்டுகள் வேறோர் உயிரை அப்பெயரால் அழைத்திருப்பினும் அது செல்லாது.

ஐக்ஹோப்பின் மூலமாதிரிகள் ஹம்பேர்க் நகர நூதனசாலையில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஹம்பேர்க் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. ஊரும் மக்களும் எரிந்த அத்தீயில் நூதனசாலையின் வண்டுப் பெட்டிகளும் எரிந்தன. உறுதி தீயிலே போய்விட்டது என்றே உலகம் கொண்டது. ஆகவே 2018இல் இவ்வினங்களை ஆராய்ந்த கோமெஸ் முதலானோர், மூலமாதிரி இல்லை என்னும் துணிபின் பேரில், எஞ்சியிருந்த பிற மாதிரிகளின் அளவுகளையும் மரபணுச் சான்றுகளையும் ஒப்பிட்டு, போர்னிகேட்டஸ் என்னும் பெயரைத் தேயிலை வண்டுக்கே வழங்கினர். பலமரத் துளைவண்டுக்கு ஷெடல் 1942இல் இட்ட நீண்ட பெயர் கிடைத்தது. சான்டியாகோ வண்டு பசிபிக் நீரோட்டம் ஒன்றின் பெயரால் குரோஷியோ எனப்பட்டது. வழக்கத்துக்கும் வசதிக்கும் இசைந்த தீர்ப்பு. தேயிலை நாட்டாரின் நூற்றாண்டு நூல்கள் எதனையும் திருத்த வேண்டியதில்லை.

அத்தீர்ப்பு ஓராண்டே நிலைத்தது. 1868ஆம் ஆண்டின் மாதிரிகளுள் ஒன்று ஹம்பேர்க்கிலே எரியாமல், வேறிடத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. அக்காலத்து அறிஞர் தம் மாதிரிகளுள் ஒன்றிரண்டை நண்பர்க்குக் கொடுத்து மாற்றாகப் பெறுதல் வழக்கம். அவ்வழக்கம் இல்லாதிருந்தால் போரில் அழிந்த பல பெயர்களுக்கு இன்று சாட்சியே இராது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஸ்மித், அன்டனி கொக்னாட்டோ ஆகியோரும் உடன் ஆய்வாளரும் அம்மாதிரியை மீட்டு, 2019இல் தம் முடிவை வெளியிட்டனர்.

அவர்கள் செய்த வேலை பார்வைக்கு மிகச் சிறியது. கழுத்துக் கவசத்தின் நீளம், சிறகுறைகளின் நீளம் முதலிய சிலவற்றை மில்லிமீற்றரின் நூறிலொரு கூறுவரை அளந்து, மரபணுவால் இனம் தெரிந்த வண்டுகளின் அளவுகளோடு வைத்துப் பார்த்தனர். நூற்றைம்பது ஆண்டு முதிர்ந்த ஒரே மாதிரியை உடைத்து மரபணு எடுக்க எவர் துணிவார்? அளவுகோலே சாட்சி சொல்லிற்று. இலங்கையிலிருந்து சென்று ஐக்ஹோப்பின் கையை அடைந்த அந்த வண்டு, தேயிலையின் வண்டன்று. கலிபோர்னியாவிலும் இஸ்ரவேலிலும் தென்னாபிரிக்காவிலும் மரங்களைக் கொன்றுகொண்டிருந்த பலமரத் துளைவண்டின் இனத்தைச் சேர்ந்தது அது.

ஆகவே போர்னிகேட்டஸ் என்னும் பெயர் பலமரத் துளைவண்டுக்கு மீண்டது; விட்போர்டியோடென்ட்ரஸ் என்னும் நீண்ட பெயர் அதனுள் அடங்கி மறைந்தது. தேயிலைத் துளைவண்டு என்று வழங்கிய கூட்டத்துக்குள்ளேயும் இனம் ஒன்றன்று, இரண்டு என்பது முன்னமே மரபணுவால் புலப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றுக்கு ஷெடல் 1951இல் இட்டு, பின்னர் கைவிடப்பட்டிருந்த பெர்பிரேவிஸ் என்னும் பெயரும், மற்றதற்கு எகர்ஸ் 1923இல் இட்ட போர்னிகேட்டியர் என்னும் பெயரும் உரியவையாயின. ஒருமுறை தள்ளி வைக்கப்பட்ட பெயர்கள் தூசி தட்டி எடுக்கப்படுவது வகைப்பாட்டியலில் புதிதன்று. ஆனால் ஒரு நாட்டின் தலையாய பயிரின் தலையாய பகைக்கு இவ்வாறு நேர்ந்தது அரிது.

இதனால் கிரீனும் ஸ்பேயரும் காட்டும் லூஸும் கண்ட உண்மைகள் பொய்யாகிவிடவில்லை. அவர்கள் நோக்கியது தேயிலைத் தண்டுக்குள் இருந்த உயிரையே, பெயர்தான் மற்றொன்றினுடையது. ஆனால் பழைய அறிக்கைகளைப் படிப்போர் இனி ஒரு கேள்வியை உடன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆமணக்கிலும் ஆனைக்கொய்யாவிலும் வேறு பல மரங்களிலும் போர்னிகேட்டஸ் காணப்பட்டதாக எழுதப்பட்ட இடங்களில், அங்கிருந்தது எது? ஒரே மலைச்சரிவிலே தேயிலைக்குள் ஓர் இனமும், அத்தேயிலைக்கு நிழல் தரும் மரத்திலோ, லயத்துப் பின்புறத்து ஆனைக்கொய்யாவிலோ மற்றோர் இனமும் வாழ்ந்திருக்கக்கூடும். அவற்றை வெறுங் கண்ணால் பிரித்தறிய இயலாது. நாட்டுக்கு நாடு மரமும் நாற்றும் செல்லும்போது துறைமுகத்திலே காவல் செய்வோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மீட்கப்பட்ட அம்மாதிரி இன்று போர்னிகேட்டஸ் என்னும் பெயரின் சட்டபூர்வமான தனிச்சான்றாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஊரோ ஏடுகளில் இன்றும் 'சிலோன்' என்ற அளவிலேயே நிற்கிறது. தேயிலை மலையெங்கும் பரவுவதற்கு முன், கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்ட காலத்தில், இத்தீவின் ஏதோவொரு மரத்திலிருந்து எடுக்கப்பட்ட உயிர் அது. நமுனுகுலச் சரிவுகளில் கவ்வாத்துக் கத்தியுடன் செல்லும் தொழிலாளியோ, வெட்டிய தண்டின் நடுவே கறுத்த துளையைக் கண்டதும், அதன் இலத்தீன் பெயர் எதுவாயினும், இன்னும் ஒரு சாண் கீழே இறக்கி வெட்டுகிறார்.